உப்புப் பூத்த நிலத்தில் நம் ஞாயிற்றுக்கிழமைகள்

தம்பி,

நீ பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். தடித்த குளிர்ச்சட்டையை உள்ளே அமுக்கி ஜிப்பை இழுப்பதும், அது பாதியில் சிக்கிக்கொள்வதும், நீ எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்துப் போடுவதும் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்கிறது. எழுந்து வந்து உதவலாம். ஆனால் வந்தால் பேச ஆரம்பிப்பேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டுவாய், ஒன்றும் உள்ளே போகாது. வாட்சப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். அதனால்தான் இதை ஞாயிறு பத்திரிகைக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அச்சில் வரும்போது நீ அங்கே போய்ச் சேர்ந்திருப்பாய். உன் பத்மா அத்தை படித்துவிட்டு உனக்குப் போன் போட்டு வரிக்கு வரி கேள்வி கேட்பாள். அதற்குப் பதில் சொல்லவாவது நீ முழுதாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உஸ்பெகிஸ்தான் என்று நீ முதலில் சொன்னபோது கம்பளம் விற்கிற கடையின் பெயர் என்று நினைத்தேன். பிறகு நீ கைப்பேசியில் படம் காட்டினாய். கடல் வற்றிப்போன இடம், கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை, நடுவில் துருப்பிடித்த ஒரு படகு. காற்று அடித்தால் உப்புத் தூசி எழும்பி ஊர்ப் பிள்ளைகளின் மூச்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்றாய். அந்தத் தரையில் உப்பைத் தாங்கும் மரங்களை வரிசை வரிசையாக நட்டு மண்ணைப் பிடித்து வைப்பதுதான் உன் வேலை என்றாய். வேறு அம்மாவாக இருந்தால் இந்த வேலைக்கு அங்கேதான் போகவேண்டுமா என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. அந்த வெள்ளை எப்படி இருக்கும், காலடியில் எப்படி நொறுங்கும், மழை பெய்தால் எப்படிப் பால்போலத் தேங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உன்னோடு சேர்ந்து அதில் முட்டி போட்டு உட்கார்ந்தவள் நான்.

அந்தக் கதையை உனக்கே திருப்பிச் சொல்லப் போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் நீ பார்த்தது மரங்களை. நான் பார்த்தது உன் அப்பாவை.

பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டியவர் அப்பா. கிளந்தான் மலைப்பாதையும் ஜொகூர் நெடுஞ்சாலையும் அவருக்கு வீட்டுக் கூடம் மாதிரி. இனிப்புநீர் நோய் கண்ணைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று, இனிமேல் லோரி மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்கூட ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நம் சுங்கை பினாங் அடுக்குமாடியின் சன்னலிலிருந்து ஜெலுத்தோங் நெடுஞ்சாலை தெரியும் அல்லவா, அதில் லோரிகள் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காலையை மாலையாக்கினார். பசியாற வாங்க என்றால் வருவார். சாப்பாடு எப்படி என்றால் நல்லாருக்கு என்பார். அதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை. மாதக்கணக்கில் அப்படி இருந்தார். நானும் கோயிலுக்குக் கூப்பிட்டேன், மீன் வாங்கப் பாசாருக்குக் கூப்பிட்டேன், பழைய கூட்டாளிகளை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தவர்கள் லோரிக் கதை பேசிவிட்டுப் போனார்கள், அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டார்.

நீயோ அப்போது படிப்பை முடித்துவிட்டு, மண்ணைப் பரிசோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். பைராம் தோட்டத்தைத் தாண்டிக் கடலோரமாக அப்பாவுக்கும் பத்மா அத்தைக்கும் பொதுவில் இருந்த அந்த நிலத்தைப் பற்றி நீதான் பேச்செடுத்தாய். ஒரு காலத்தில் அதில் செம்பனை நின்றது. ஒரு பெரிய அலையேற்றத்தின்போது கடலோர மண்கரை உடைந்து உப்புத் தண்ணீர் உள்ளே வந்து நின்றது. மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின. பிறகு யாரோ குத்தகைக்காரன் இடித்த கட்டடத்தின் சிமெண்டுக் கட்டிகளைக் கொண்டுவந்து ஒரு மூலையில் கொட்டிவிட்டுப் போனான். அத்தைக்கு அது ஒரு தலைவலி. சிம்பாங் அம்பாட்டில் கொள்கலன் அடுக்கும் ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார், தரையைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டால் போதும் என்றாள். நீ அந்த மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து இதே மேசையில் கொட்டினாய். எனக்கு மேசைவிரிப்பு போனதே என்று கோபம். நீயோ தங்கம் கண்டவன் மாதிரி நின்றாய்.

அப்போது நீ சொன்னதை நான் எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன், தப்பாக இருந்தால் போனில் திருத்து. மண்ணில் உப்பு மட்டும் ஏறினால் அது உவர் மண். மழை பெய்து உப்பைக் கழுவிக்கொண்டு போனாலும், அதில் ஒரு பங்கு களிமண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்குமாம். அது களர். மழை பெய்தால் குழம்பாகி, வெயில் அடித்தால் ஓடாகி, தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்காமல் அடைத்துக்கொள்ளும். வறண்ட நாடுகளில் பெரிய பெரிய நிலங்கள் இப்படிக் கிடக்கின்றன, ஆனால் அங்கே கழுவிவிட மழை இல்லை, நமக்கு மழை இருக்கிறது, இங்கே ஒரு துண்டு நிலத்தை மீட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டாய். அத்தை உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியில், இந்தத் தீபாவளி இல்லை, அடுத்த தீபாவளி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னாள். "அதுக்கப்புறம் அந்த கொள்கலன்காரருக்குக் குடுத்துருவேன், அண்ணே மூஞ்சிய தூக்கி வெச்சிக்கக் கூடாது" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் போய், மண்வெட்டி பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றாய். தான் பிடித்ததெல்லாம் லோரிச் சக்கரம்தான் என்றார் அவர். சக்கரம் பிடித்த கைக்கு மண்வெட்டி கனமா என்று கேட்டுவிட்டு, நீ பதிலுக்குக் காத்திராமல் கீழே இறங்கிப் போய்க் காடியைக் கிளப்பினாய். அவர் எழுந்து செருப்பைத் தேடினார். நான் அதைத் தேடித் தருவதற்குள் மனம் மாறிவிடுவாரோ என்று என் செருப்பையே எடுத்து நீட்டினேன்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? அந்தத் தரை அப்பளம் மாதிரி நொறுங்கியது. கடப்பாரை ஒரு சாண் இறங்கி அப்புறம் கல்லில் மோதியது போலத் திரும்பி வந்தது. நீ புங்கை, பூவரசு, சவுக்கு, வேம்பு என்று கன்றுகள் வாங்கி வைத்திருந்தாய். உப்பைத் தாங்கும் என்று நீ நம்பிய பட்டியல் அது. நான் என் பங்குக்கு உப்பை அளக்கும் உன்னுடைய அந்தச் சின்னக் கருவியைப் பிடுங்கிக்கொண்டேன். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இத்தனை வருடம் கழுவும் பிரிவில் தண்ணீரின் சுத்தத்தை அளந்தவளுக்கு அதைவிடப் பிடித்த விளையாட்டுச் சாமான் உண்டா? ஒரு கைப்பிடி மண்ணைப் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தெளியவிட்டு, முனையை நனைத்து எண்ணைப் பார்ப்பேன். முதல் போத்தலிலேயே எண் எகிறியது. தொழிற்சாலையில் அப்படி ஓர் எண் வந்திருந்தால் எச்சரிக்கை மணி அடித்து எல்லாரும் ஓடி வந்திருப்பார்கள். அங்கே ஒரு கொக்கு மட்டும் நின்று நம்மைப் பார்த்தது.

நிலத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் பாக் ஹசான், வேலிக் கம்பம் நடுவதற்கு வைத்திருந்த துளைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். நாம் கடப்பாரையோடு படும் பாட்டைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகுதான் கொடுத்தார், அது வேறு விஷயம். அவரும் அப்பாவும் மலாயில் பந்தாட்டம் பேச ஆரம்பித்தார்கள். உன் அப்பா முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அந்த நாளில்தான். பினாங்குக் குழு எப்படித் தோற்றது என்பதைப் பற்றி அவர் பேசியதை, தேவாரம் கேட்பதுபோல நின்று கேட்டேன்.

ஆகவே தம்பி, அங்கே போனதும் முதல் வேலையாகப் பக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடி. உன் கருவிகளை மறுநாள் பிரித்துக்கொள்ளலாம். அவர்கள் ஊர்ப் பந்தாட்டக் குழுவின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள். ஆடு வளர்ப்பவர் யார் என்றும் கேட்டு வை. பாக் ஹசானின் ஆடு நம் பூவரசந்தளிரை எப்படி ரசித்துச் சாப்பிட்டது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அதற்கு அவர் ஈடாகக் கொடுத்த வேலிக்கம்பி இல்லையென்றால் மிச்சத்தையும் அது முடித்திருக்கும்.

சீனப் புத்தாண்டு நெருங்கியபோது மழை நின்றது. வெயில் ஏறியது. கழுவி இறங்கியிருந்த உப்பு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறி வந்து மறுபடி வெள்ளையாகப் பூத்தது. அப்பா அப்போது வாரத்தில் பாதி நாள் அங்கேதான். காலையில் நீ வேலைக்குப் போகும் வழியைச் சுற்றிக்கொண்டு அவரை இறக்கிவிடுவாய், சாயங்காலம் ஏற்றிக்கொள்வாய். பக்கத்து வாய்க்காலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிக் கன்றுகளுக்கு ஊற்றினார். வேர்வையில் நனைந்து, கால் சேற்றோடு, பசியோடு வீட்டுக்கு வருவார். இரண்டாம் தரம் சோறு கேட்டார். நான் சமையலறையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது சந்தோசத்தில்.

ஆனால் கன்றுகள் கருகின. முதலில் வேம்பு இலையோரம் காய்ந்தது, பிறகு புங்கை உதிர்ந்தது, சவுக்குகூட செம்பட்டையானது. அப்பா இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு ஏதோ உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் எடுத்து முனையை நனைத்தேன். எண் நிற்கவே இல்லை. கடல் ஏறும் நேரத்தில் மதகு வழியாக உப்புத் தண்ணீர் கசிந்து வாய்க்காலுக்குள் வந்துகொண்டிருந்தது. அப்பா அத்தனை நாளும் உப்பைத்தான் தூக்கித் தூக்கி ஊற்றியிருக்கிறார்.

போத்தலை உன்னிடம் காட்டினேன். அவரிடம் சொல்ல வேண்டாம், பூச்சி என்று சொல்லிவிடலாம், வெயில் என்று சொல்லிவிடலாம் என்றேன். மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விடுவார் என்ற பயம்தான் எனக்கு. நீ நேரே அவரிடம் போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாய்.

"அப்பா, வாய்க்கா தண்ணி உப்பு. கன்னு செத்தது அதனாலதான். ஊத்துறதுக்கு முன்ன நா அளந்து பாத்திருக்கணும். பாக்கல."

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். மறுநாள் உன்னோடு கிளம்பவில்லை. அடுத்த நாளும் கிளம்பவில்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்து யாருக்கோ போன் பேசினார், நான் கிட்டே போனால் வைத்துவிட்டார். உன்மேல் எனக்கு அப்படியொரு கோபம். ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகிப்போகும் என்று சமையலறையில் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாம் இருவர் மட்டும் போனோம். அவர் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நாம் செத்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு லோரி தட்டுத் தடுமாறி மண்பாதையில் வந்தது. பின்னால் ஒரு பெரிய பழைய தண்ணீர்த் தொட்டியும் ஒரு கட்டுத் தகரமும். முன்னால் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உன் அப்பா. பழைய கூட்டாளி ஒருவரைப் பிடித்து, தொட்டியைப் பிடித்து, தகரத்தைப் பிடித்து, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மழைத்தண்ணீரைத் தகரக் கூரையில் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பதாகத் திட்டம்.

"சாமான் தப்பான எடத்துக்குப் போச்சுன்னா திருப்பி ஏத்திக்கிட்டு வரணும்" என்றார் அப்பா. "அதுக்காக லோரிய விட்டுட்டு போயிர முடியுமா? தண்ணி இனி என் பொறுப்பு. நீ மண்ண மட்டும் பாரு லா."

அன்றைக்குக் கற்றுக்கொண்டது நான்தான். அவரைக் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கிவைக்க நினைத்தேன். நீ அவரைச் சக வேலையாளாக நடத்தினாய். நீ போகிற இடத்திலும் நட்டது சாகும், நிறையவே சாகும். அப்போது கூட நிற்பவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல். குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, உன் பங்கையும் சேர்த்துச் சொல். அன்று சொன்ன மாதிரியே சொல்.

மழை திரும்பியபோது இரண்டாம் முறை நட்டோம். இந்தத் தடவை அவசரம் இல்லை. அடியில் இறுகிக் கிடந்த மண்தட்டைத் துளைத்துக் குழி ஆழமாகப் போனது. குழிக்குள் ஜிப்சமும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து போட்டாய். ஜிப்சம் போய்க் களிமண்ணைப் பிடித்திருக்கும் உப்பைக் கழற்றிவிடும், மழை அதைக் கீழே இழுத்துக்கொண்டு போகும் என்றாய். கன்றை மேட்டின்மேல் வைத்துச் சுற்றிலும் தேங்காய் மட்டையைப் பரப்பினோம். வெயில் நேரே தரையில் படாவிட்டால் உப்பு மேலேறாது என்பதால் ஒரு விரல் இடம்கூட மூடாமல் விடக்கூடாது என்பது உன் கட்டளை. வேம்பை விட்டுவிட்டாய். சிமெண்டுக் கட்டிகளை அப்பாவின் கூட்டாளி லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். பத்மா அத்தை ஞாயிறுதோறும் மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு முருங்கைக் கிளையை அவள் இஷ்டத்துக்கு ஒரு மூலையில் ஊன்றினாள். அந்த மூலையில் வராது என்று நீ சொன்னாய். வரவில்லை. நீ கண் வைத்ததால்தான் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அவள் சொன்ன தீபாவளி வந்தபோது சவுக்கு அப்பாவின் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம் போயிருந்தது. புங்கை அவர் தோளைத் தொட்டது. பூவரசு மஞ்சளாகப் பூத்திருந்தது. நடுவில் இன்னும் ஒரு திட்டு வெள்ளையாகத்தான் கிடந்தது, அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, இன்றும் கிடக்கிறது. ஆனால் புங்கையடியில் உதிர்ந்த இலையை ஒதுக்கினால் மண் கறுத்திருந்தது. மண்புழு இருந்தது. நான் போத்தலைக் குலுக்கி அளந்தேன், எண் அவ்வளவு இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி அளந்தேன்.

கொள்கலன்காரரைக் கூட்டிக்கொண்டு அத்தை அந்த வாரமே வந்தாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள். அவர் அளவுநாடாவோடு இங்கும் அங்கும் நடந்து, எல்லாவற்றையும் வெட்டிச் சமன் செய்தால் எத்தனை லோரி நிற்கும் என்று கணக்குச் சொன்னார். அப்பா ஒன்றும் கெஞ்சவில்லை. தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, அத்தையின் காலடியில், புங்கை நிழலில் ஊற்றினார். அவ்வளவுதான் செய்தார். தண்ணீர் இறங்கிப் போனது. முன்பெல்லாம் தட்டில் ஊற்றியதுபோல மறுநாள் வரைக்கும் நிற்குமே, அந்தத் தண்ணீர் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. அத்தை குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு வாளி ஊத்துங்கண்ணே" என்றாள்.

அதுவும் இறங்கியது. அவள் திரும்பி அந்த மனிதரிடம், தன் அண்ணன் இந்த மரங்களை விடமாட்டார், தானும் விடப்போவதில்லை, சிம்பாங் அம்பாட்டிலேயே வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், வந்ததற்கு ஒரு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். பட்டர்வொர்த்திலிருந்து நாம் இருவரும் பெரிக் கப்பலில் திரும்பி வந்த அன்று, நீ தள்ளிப்போய் நின்று ஆங்கிலத்தில் போன் பேசினாய். கடல் காற்று உன் பேச்சை என் பக்கமே கொண்டுவந்தது. நல்ல வாய்ப்பு, நன்றி, குடும்பச் சூழ்நிலை, வர இயலாது. நீ வந்து உட்கார்ந்ததும் யாரைக் கேட்டு அந்த உஸ்பெகிஸ்தான் வேலையை வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டேன். நீ கப்பலைப் பார்த்தாய், பாலத்தைப் பார்த்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்.

"நா போயிட்டா அப்பாவ யாரும்மா நெலத்துக்குக் கூட்டிட்டுப் போவா? திரும்ப அந்த நாக்காலிதான்."

தம்பி, உன்மேல் எனக்கு எத்தனை பாசம் வந்ததோ அத்தனை எரிச்சலும் வந்தது. அப்பாவிடம் உள்ளதைச் சொல்லத் துணிந்த பிள்ளை, இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவு செய்துவிட்டாய். அன்று போத்தலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்தில் நீ நின்றாய். அதனால் நீ செய்ததையே நானும் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், என் லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று.

இருந்தது. வருடாவருடம் புதுப்பித்து வைத்திருந்தேனே தவிர, ஜெலுத்தோங் பாசாரைத் தாண்டி நான் காடி ஓட்டியதில்லை. நிலத்துக்குப் போக வேண்டுமானால் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் அந்த நீளமான பாலத்தைத் தாண்ட வேண்டும். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் லோரி, நடுவில் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன். நீ வேலைக்குப் போன நேரங்களில் அத்தையின் காடியை இரவல் வாங்கி அப்பா எனக்குப் பாடம் எடுத்தார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஆரம்பித்து, கடலோரச் சாலைக்குப் போய், ஒரு காலையில் பாலத்தின் வாய் வரைக்கும் போய்விட்டோம். திரும்பிவிடலாம் என்றேன். "திரும்ப எடம் இல்ல, நேராப் போ" என்றார். பக்கத்தில் ஒரு பெரிய லோரி உறுமிக்கொண்டு வந்தது. நான் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தேன். அவர் முன்னால் பார்க்கவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினார். இப்போது மேடு வரும், காலை எடுக்காதே, காற்று இடதுபக்கம் தள்ளும், சக்கரத்தை இறுக்காதே, லோரிக்காரன் உன்னைப் பார்த்துவிட்டான், அவன் பாட்டுக்குப் போவான். கண் மங்கினாலும் அந்தப் பாலம் முழுவதும் அவர் உடம்பில் இருந்தது. அக்கரையில் பிறை ஊர்ப் பக்கம் இறங்கியபோது நான் கத்தியிருப்பேன் போல, அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூங்கவிட்டுவிட்டு நாங்கள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினோமே, கோயிலுக்குப் போகவில்லை. சிம்பாங் அம்பாட்டில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டோம், பைராமைத் தாண்டினோம், புங்கை நிழலில் காடியை நிறுத்திப் படம் எடுத்து உனக்கு அனுப்பினோம். நீ அன்றைக்குத்தான் அந்த வேலைக்கு மறுபடி எழுதினாய், அவர்களும் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். எங்கள் படத்துக்கும் நீ கட்டைவிரல் படம்தான் அனுப்பினாய் என்றாலும், இந்த முறை நான் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது உன் கண் சிவந்திருந்தது.

நன்றாகச் சாப்பிடு. சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்லாதே, உன் குரலிலேயே தெரியும். அங்கே நடுகிற மரத்துக்கு இலை என்று சொல்லும்படி இலையே இல்லை, பச்சைக் குச்சிதான், அதுதான் அந்தக் காற்றையும் உப்பையும் பிடித்து நிறுத்துகிறது என்று சொன்னாய். அதைப் பார்க்க அழகாக இல்லையே என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நம் நிலத்துத் தண்ணீர் அப்பா பொறுப்பு, அளப்பது என் பொறுப்பு, குறை சொல்வது அத்தை பொறுப்பு. அந்த நடுத்திட்டுக்கு என்ன செய்யலாம் என்று நீ அங்கிருந்து யோசித்துச் சொல்.

ஒன்றே ஒன்று உனக்கு இன்னும் தெரியாது. நேற்று நீ குளிர்ச்சட்டை வாங்கப் போயிருந்தபோது, அப்பா கருநீலச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் படம் எடுக்க மாட்டார்களாம், கூட்டாளியைக் கேட்டு வைத்திருக்கிறார். எங்கே போகிறோம் என்று கேட்டேன், காடியை எடு என்றார். குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். அத்தனை வருடம் நாடு முழுக்க ஓட்டியவருக்கு இதுவரை பாஸ்போர்ட் கிடையாது, தேவைப்படவும் இல்லை. முகப்பில் இருந்த பெண், எங்கே போகப் போகிறீர்கள் பாக்சிக் என்று, மாமா முறை வைத்து மலாயில் கேட்டாள். தன் மகன் உப்புத் தரையில் மரம் நடுகிறான், இன்னும் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடும், போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கேமராவைப் பார்க்கச் சொன்னாள். சிரிக்கக்கூடாது, வாயை மூடுங்கள் என்றாள். மூடினார். அவள் படம் எடுப்பதற்குள் மறுபடி திறந்துகொண்டது. அவள் மறுபடி சொன்னாள், அவர் மறுபடி மூடினார், மறுபடி அதே கதை. பின்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அவள் கையைக் கட்டிக்கொண்டு, பரவாயில்லை பாக்சிக், சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றாள்.

அன்புடன்,
அம்மா